எச்.டி. பேலட் ஏன் துறைமுகத்தில் நிற்கிறது? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பேலட் (சரக்கை அடுக்கும் மரத் தட்டு), கிரேட் (மரக் கூண்டுப் பெட்டி), டன்னேஜ் கட்டை (சரக்கு ஆடாமல் இருக்கச் சொருகும் மரம்) என எதுவானாலும், சரக்கோடு நாடு கடக்கும் மரத்துக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு விதி பொருந்தும்: பூச்சியைக் கொல்லும் சிகிச்சை செய்து, அதற்கான முத்திரை போட்டிருக்க வேண்டும். எச்.டி. என்பது வெப்பச் சிகிச்சையின் குறி. 1996-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆசிய நீளக்கொம்பு வண்டு தெருவோர மேப்பிள் மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. 1999-ல் போர்ச்சுக்கலில் பைன் மரங்களைக் கொல்லும் நூற்புழு அகப்பட்டது. பூச்சிகள் பொதி மரத்தோடு கப்பலேறுவது உறுதியான பிறகு, 2002-ல் சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பான ஐ.பி.பி.சி. இந்த விதியை ஏற்றது. 6 மி.மீ.க்கு மேல் தடிப்புள்ள மரம் எல்லாம் இதில் அடங்கும். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு, ஓ.எஸ்.பி. (மரச் சீவல்களை ஒட்டி அழுத்திய பலகை), மரத்தூள், சீவல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த பிளாக் வைத்த பேலட்டில் பிளாக்குக்கு விலக்கு உண்டு. அதன் மேல் அடித்த பலகைக்குக் கிடையாது.

துறைமுகத்தில் கண்ணில் படும் கோளாறு பெரும்பாலும் பேலட் யார்டில் பல வாரம் முன்பே பிறந்தது. ஆகவே முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல், மரத்தின் நடுப்பகுதி என்ன சூட்டைக் கண்டது என்ற பதிவைத் தேடிப் போங்கள். கீழே உள்ளவை, மரத்தைச் சூடேற்றும் அறையான சேம்பரை வைத்து யூனிட் நடத்துபவருக்கும், அவரிடம் பேலட் வாங்கி ஏற்றுமதி செய்பவருக்கும்.

சேம்பர் காற்று 75 டிகிரி, மரத்தின் நடு 50-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது

விதி கேட்பது இதுதான்: மரத்தின் முழுக் குறுக்குவெட்டும், நடுப்பகுதி உட்பட, 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். காற்றின் சூடு கணக்கில் வராது.

நடு 50 பக்கம் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நகராவிட்டால், பலரும் பர்னரைத்தான் கூட்டுவார்கள். தவறு அங்கே இல்லை. பச்சை மரத்தின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவி, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, பலகையின் சூட்டை உறிஞ்சும். ஈரம் இருக்கும்வரை மரத்தின் மேற்பரப்பு காற்றின் சூட்டுக்கு வராது. ஈரக் குமிழ் வெப்பநிலைக்குத்தான், அதாவது ஈரத் துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்குத்தான் வரும். காற்று 75 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக் குமிழ் வெப்பநிலை சுமார் 51. மேற்பரப்பே 51-ல் நின்றால் நடு 56-ஐ எப்படித் தொடும்? அதே 75 டிகிரியில் ஈரப்பதத்தை 45 சதவீதத்துக்கு ஏற்றினால் ஈரக் குமிழ் 58-ஐத் தாண்டும். முட்டி நின்ற கோடு ஏறத் தொடங்கும்.

செய்ய வேண்டியது: முதல் கட்டத்தில் சேம்பரின் வென்ட்டை முழுக்க மூடுங்கள். பாய்லர் இருந்தால் நீராவி விடுங்கள். இல்லாவிட்டால் ஹீட்டர் காயிலுக்கு முன்னால் மெல்லிய தண்ணீர்த் தூவல் போதும். துணி சுற்றிய ஒரு சென்சாரை, துணி எப்போதும் நனைந்திருக்கும்படி, காற்றோட்டத்தில் வையுங்கள். அது 60-க்குக் கீழே இருக்கும்வரை பர்னரைத் தொட வேண்டாம். துணி காய்ந்து போனாலும், உப்புப் படிந்து கெட்டித்தாலும் பொய்யாக அதிகம் காட்டும்; வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஈரக் குமிழும் சரியாக இருந்து நடு மட்டும் ஏறவில்லை என்றால் காற்றோட்டத்தைப் பாருங்கள். சுலபமான வழி எதுவோ அதில்தான் காற்று போகும். அடுக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு அடி இடைவெளி இருந்தால் முழுக் காற்றும் அங்கேயே சுற்றும். அடுக்கின் நடு வரிசைக்குப் போகாது. மேலேயும் பக்கவாட்டிலும் தகரத் தடுப்போ தார்ப்பாய்த் திரையோ தொங்கவிடுங்கள். அறுத்த பலகையை ஏற்றினால் ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே 20–25 மி.மீ. ரீப்பர் வேண்டும், ரீப்பர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்கோட்டில் நிற்கட்டும்.

மூன்றாவது காரணம் தடிப்பு. நடுவுக்குச் சூடு போகும் நேரம் தடிப்பின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். தடிப்பு இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நாலு மடங்கு. 22 மி.மீ. பலகைக்கு வைத்த நேரத்தை 90 மி.மீ. கட்டைக்கும் வைத்தால் கட்டை பாதி வெந்த கிழங்காகத்தான் வெளியே வரும். முடிந்தவரை ஒரே தடிப்புள்ள மரத்தை ஒரே லோடில் ஏற்றுங்கள். கலந்துதான் ஏற்ற வேண்டும் என்றால், லோடு முடியும் நேரத்தைத் தீர்மானிப்பது அதிலேயே தடித்த கட்டைதான்.

ஒரு ப்ரோப் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஏறுகிறது

ப்ரோப் என்பது மரத்துக்குள் செருகும் வெப்பச் சென்சார். அதில் ஒன்று முந்துவதைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம். மர நடுவின் கோடு காற்றின் கோட்டைவிட எப்போதும் பின்தங்கி, வளைந்துதான் ஏறும். காற்றோடு ஒட்டிக்கொண்டு ஏறுகிற கோடு மரத்தை அளக்கவில்லை. ஓட்டைக்குள் புகுந்த காற்றை அளக்கிறது.

ப்ரோப்பை உருவிப் பாருங்கள். துளை ப்ரோப்பைவிட அகலமா, வாய் அடைக்கப்படாமல் கிடக்கிறதா, முனை நடுவுக்கு வராமல் பாதியில் நிற்கிறதா, ஆணியைத் தொடுகிறதா? ஆணி வெளிச் சூட்டை நேராக உள்ளே கடத்தும். கட்டையின் அறுத்த முனைக்குப் பக்கத்தில் துளையிட்டாலும் இதே கதை, ஏனென்றால் மரம் நாரின் போக்கில் சூட்டை வேகமாகக் கடத்தும். முனையிலிருந்து தள்ளி, பக்கவாட்டிலிருந்து, ப்ரோப் இறுக்கமாக நுழையும் அளவுக்கு மட்டும் துளையிடுங்கள். முனை கட்டையின் சரி நடுவைத் தொடட்டும். வாயைச் சிலிகான் அல்லது மரப் புட்டி வைத்து அடையுங்கள். காகிதத்தைத் திணிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் யூனிட்களும் உண்டு; காகிதம் காற்றை நிறுத்தாது.

ப்ரோப் எங்கே போக வேண்டும் என்பதில்தான் நேர்மை தெரியும். சேம்பரிலேயே மிகக் குளிர்ந்த மூலை எது என்று ஒருமுறை காலி சேம்பரிலும் ஒருமுறை முழு லோடிலும் அளந்து கண்டுபிடித்து வையுங்கள். பெரும்பாலும் கதவோரத் தரைமட்டம். லோடிலேயே தடித்த, ஈரம் மிகுந்த கட்டை அந்த மூலைக்குப் போகட்டும். ப்ரோப் அதற்குள் இருக்கட்டும். கதவு திறந்ததும் கைக்கு எட்டுகிற காய்ந்த பலகையில் ப்ரோப்பைச் செருகினால் கிராஃப் அழகாக வரும். புழு உயிரோடு கப்பலேறும்.

சென்சாரே பிழை காட்டுகிறதா என்று பார்க்க அதிகச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. நொறுக்கிய ஐஸ் நிறைந்த குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, முனையை நடுவில் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். 0 காட்ட வேண்டும். பிறகு கொதிநீர். கடலோரத் தூத்துக்குடியில் 100-ஐ ஒட்டி வரும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் அளவு உயரத்தில் உள்ள ஓசூரில் தண்ணீர் 97 அளவிலேயே கொதித்துவிடும். அதைப் பார்த்துச் சென்சாரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அரை டிகிரி பிழை இருந்தால் அந்த அரை டிகிரியை 56-இன் மேல் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை யூனிட்டின் நிம்மதிக்கு. உரிமத்துக்கான அளவுச் சான்றை இது ஈடு செய்யாது.

கிராஃபில் நடுவே ஒரு பள்ளம்

கரன்ட் போய் 56-க்குக் கீழே இறங்கியிருக்கும். 30 நிமிடம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். 18 நிமிடத்தில் விழுந்து மறுபடி ஏறினால் மீதி 12 போதாது. எல்லா ப்ரோப்பும் 56-ஐத் தொட்ட நிமிடத்திலிருந்து முதலில் இருந்து எண்ணுங்கள். பதிவு இடைவெளி 5 நிமிடத்துக்கு மேல் இருந்தால் இந்தப் பள்ளம் கிராஃபில் ஒளிந்துவிடும். ஒரு நிமிடமாகக் குறைத்து வையுங்கள்.

மீதைல் புரோமைடு: 24-ஆம் மணி அளவு குறைந்துவிட்டது

வெப்பத்துக்குப் பதிலாக இந்த வாயுவையும் விதி ஏற்கும். ஆனாலும் முடிந்த இடத்திலெல்லாம் வெப்பமே நல்லது. மீதைல் புரோமைடு ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. மான்ட்ரியல் உடன்படிக்கை அதன் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தி, தனிமைப்படுத்தல் சிகிச்சைக்கும் ஏற்றுமதிக்கு முந்தைய சிகிச்சைக்கும் விலக்கு தந்திருக்கிறது. கையாளும் ஆளையும் அது கொல்லும். நிறம் இல்லை, அபாயத்தை உணர்த்தும் அளவுக்கு வாசனையும் இல்லை.

அளவுகள் இப்படி. 21 டிகிரி அல்லது அதற்கு மேல்: கன மீட்டருக்கு 48 கிராம் போட்டு, 2 மணியில் 36, 4 மணியில் 31, 24 மணியில் 24 கிராமாவது மிஞ்ச வேண்டும்; 24 மணி நேரத்தில் சேர வேண்டிய மொத்தம் (வாயு அளவை நேரத்தால் பெருக்கிக் கூட்டியது) 650 கிராம்-மணி. 16 டிகிரியில் தொடக்கம் 56 கிராம், கடைசியில் 28, மொத்தம் 800. 10 டிகிரியில் தொடக்கம் 64, கடைசியில் 32, மொத்தம் 900. 10-க்குக் கீழே செய்யவே கூடாது. இங்கே கணக்கு அந்த 24 மணி நேரத்தின் மிகக் குறைந்த வெப்பநிலைக்கு. மதியம் 29 டிகிரியில் வாயு விட்டுவிட்டு, விடியற்காலை 17-க்கு இறங்கும் மார்கழி இரவை மறந்தால் தொடக்க அளவே தப்பாகிவிடும்.

மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். 36, 31, 24 என்று வந்தால்: முதல் 2 மணிக்கு 72, அடுத்த 2 மணிக்கு சுமார் 67, மீதி 20 மணிக்கு 31-ஐயும் 24-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த 27.3-ஐ 20-ஆல் பெருக்கி 546. மொத்தம் 685, தேறியது. கடைசி அளவு 18 என்றால் அந்த 20 மணிக்கு 472-தான். மொத்தம் 611, தேறாது. வாயுவைக் கூட்டாமல் அதிகபட்சம் 2 மணி நேரம் நீட்டலாம் என்று விதி இடம் தருகிறது. ஆனால் 17, 18 கிராமில் இரண்டு மணி நீட்டினால் 35 சேர்ந்து 646 ஆகும்; 650-க்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். கடைசி அளவும் விதித்த 24-லிருந்து 5 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது. ஆகவே இந்த லோடு முதலில் இருந்துதான்.

ஏன் இறங்கியது? கசிவைத் தேடுங்கள். தார்ப்பாய்க்கு அடியில் மண் தரை, சரளைத் தரை கூடாது. வெடிப்பில்லாத சிமென்ட் தரை வேண்டும். ஓரங்களை மணல் பை கொண்டு இரட்டை வரிசையாக அழுத்துங்கள், மூலைகளில் கூடுதலாக. கன்டெய்னரில் செய்தால் காற்று வென்ட்களை டேப் போட்டு மூடி, கதவு ரப்பரைக் கையால் தடவிப் பாருங்கள். கிழிந்த ரப்பர் விரலில் தட்டுப்படும்.

கசிவே இல்லாமலும் இறங்கும். ஈரமான மரம் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் சுற்றிய பேலட்டுக்குள் வாயு போகாது. வாயு காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. ஃபேன் போட்டுக் கலக்காவிட்டால் தரையில் படுத்துக்கொள்ளும். மேல் அடுக்குக்கு எட்டாது. அடைப்பின் கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. அடுக்கில் 20 செ.மீ.க்கு ஒருமுறை இடைக்கட்டை வேண்டும். இன்னொன்று, அளவைக் கணக்கிடும்போது மரத்தின் கன அளவைப் போடுகிற பிழை. 20 அடி கன்டெய்னரின் உள் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 48-ஆல் பெருக்கினால் 1,584 கிராம். கன்டெய்னர் பாதி நிரம்பியிருந்தாலும் அதே 1,584-தான்.

குறுக்களவு 20 செ.மீ.க்கு மேல் உள்ள கட்டைக்கு மீதைல் புரோமைடு செல்லாது. கிரானைட் பாளத்துக்கு அடியில் வைக்கும் கனத்த தாங்கு கட்டைகளில் இது மாட்டும்; அவற்றைச் சேம்பருக்கு அனுப்புங்கள்.

ஃபியூமிகேஷன் சான்று கையில் இருக்கிறது, பேலட்டை மறுத்துவிட்டார்கள்

ஃபியூமிகேஷன் என்பது வாயு விட்டுப் பூச்சியைக் கொல்வது. அந்தச் சான்றை மறுபடி படியுங்கள். மருந்தின் பெயர் அலுமினியம் பாஸ்பைடு என்றிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் வைக்கும் அந்த மாத்திரை பாஸ்பீன் வாயு விடும், அது ஐ.எஸ்.பி.எம். 15 ஏற்ற சிகிச்சை அல்ல. ஏற்றவை நான்கு: சாதாரண வெப்பம், மைக்ரோவேவ் அல்லது ரேடியோ அலை வெப்பம், அதாவது 60 டிகிரியில் ஒரு நிமிடம், மீதைல் புரோமைடு, 2018-ல் சேர்ந்த சல்பியூரைல் ஃபுளோரைடு. சரக்குக்குப் போட்ட ஃபியூமிகேஷன் பேலட்டையும் சேர்த்துக் காப்பாற்றும் என்று எண்ணி முத்திரையில்லாத பேலட்டை அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. எந்தச் சிகிச்சையானாலும் பேலட்டின் மேல் முத்திரை இருந்தே ஆக வேண்டும். காகிதம் முத்திரைக்கு மாற்றாகாது.

முத்திரையைப் படிக்க முடியவில்லை, அல்லது ஏற்கவில்லை

அசல் முத்திரையில் ஒரு கட்டம் இருக்கும். நடுவே நெடுக்குக் கோடு. ஒரு பக்கம் கோதுமைக் கதிர்ச் சின்னம். மறு பக்கம் இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு, தயாரிப்பாளர் அல்லது சிகிச்சை நிலையத்தின் எண், சிகிச்சைக் குறியீடு. கட்டத்துக்குள் வேறு எதுவும் வரக் கூடாது. கம்பெனி லோகோ, லாட் எண், தேதி எல்லாம் கட்டத்துக்கு வெளியே. கையால் வரைந்த முத்திரை செல்லாது. சிவப்பும் ஆரஞ்சும் வேண்டாம். அவை ஆபத்தான சரக்கைக் குறிக்கும் நிறங்கள். எதிரெதிர்ப் பக்கம் இரண்டிலும் போடுங்கள்; ஒரு பக்கம் ஃபோர்க்லிஃப்ட் உரசி அழிந்தாலும் மறு பக்கம் பேசும்.

மை பரவி எழுத்து குழம்பினால் பெரும்பாலும் மரம் ஈரம், அல்லது ஸ்டென்சிலின் பின்பக்கம் மை கட்டியிருக்கும். சூடு போட்டு முத்திரை பதித்தால் இந்தத் தொல்லை இல்லை. இந்தியாவில் முத்திரை உரிமையை ஃபரிதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தாவரப் பாதுகாப்பு இயக்ககம் கொடுக்கிறது. வாங்குபவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று: முத்திரையில் உள்ள நிலைய எண்ணும், சிகிச்சைச் சான்றில் உள்ள எண்ணும், கிராஃபின் தேதியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஸ்டஃபிங்குக்கு (கன்டெய்னரில் சரக்கு ஏற்றுவதற்கு) முன்பே பாருங்கள். ஸ்டாம்ப் மட்டும் அடித்துத் தருகிற இடம் விலை குறைவாகச் சொல்லும். ப்ரோப் கிராஃபைக் கேட்டதும் பேச்சை மாற்றும்.

பலகை ஓரத்தில் பட்டை ஒட்டியிருக்கிறது

பட்டை நீக்கிய மரம்தான் பயன்பட வேண்டும்; பட்டைக்கு அடியில்தான் பல வண்டுகள் முட்டையிடுகின்றன. ஆனால் பட்டை துளிகூட இருக்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை. அகலம் 3 செ.மீ.க்குக் குறைவு என்றால் நீளம் எவ்வளவானாலும் பரவாயில்லை. 3 செ.மீ.க்கு மேல் அகலம் என்றால் ஒரு துண்டின் பரப்பு 50 சதுர செ.மீ.க்குள் இருக்க வேண்டும். 4 செ.மீ. அகலத்தில் 12 செ.மீ. நீளப் பட்டை 48; தப்பியது. 13 செ.மீ. என்றால் 52, உரித்தாக வேண்டும். வெப்பச் சிகிச்சைக்குப் பிறகு உரித்தாலும் சரி. வாயுச் சிகிச்சை என்றால் முன்னமேயே உரித்திருக்க வேண்டும், பிறகு உரித்தால் செல்லாது.

பழுது பார்த்த பேலட்

உடைந்த பலகையை மாற்றும்போது சிகிச்சை பெற்ற மரத்தையே போட்டு, மாற்றிய ஒவ்வொரு துண்டிலும் தனி முத்திரை அடிக்க வேண்டும். பழைய முத்திரை மொத்தப் பேலட்டுக்கும் பேசும் என்று விட்டுவிடுவதுதான் இங்கே மாட்டும் இடம். மாற்றிய பாகம் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அது புதுப் பேலட்டாகிவிடும்: பழைய முத்திரைகள் அத்தனையையும் கிரைண்டர் வைத்தோ பெயின்ட் பூசியோ அழித்து, மறுபடி சிகிச்சை செய்து, புது முத்திரை போடுங்கள். ஒரே பேலட்டில் இரண்டு நாட்டு முத்திரை தென்பட்டால் அதிகாரி கட்டாயம் நின்று பார்ப்பார்.

சிகிச்சை முடிந்த பேலட்டின் கீழே பொடி கொட்டுகிறது

பொடியை ஒரு கறுப்புத் தாளில் தட்டிப் பாருங்கள். டால்கம் பவுடர் போல மென்மை, 1–2 மி.மீ. வட்டத் துளை: பொடி வண்டு. ரப்பர் மரம், மா மரம் போல மாவுச்சத்து மிகுந்த, காய்ந்த மரத்தின் வெளிர் பகுதியில் வரும். கசகசா போல உருட்டினால் உருளும் தானியம், லென்ஸில் ஆறு பட்டை தெரிகிறது: உலர்மரக் கரையான். ஊசி முனை அளவு துளை, ஓரம் கறுத்திருக்கிறது, பொடி இல்லை: மரம் பச்சையாக இருந்தபோது துளைத்துப் போன வண்டின் பழைய சுவடு; மரம் காய்ந்த பிறகு அது தொடராது. ஒரு சென்டிமீட்டர் அளவு வட்டத் துளையும் நார் நாராகக் கழிவும் கண்டால் நீளக்கொம்பு வண்டை நினையுங்கள். அந்த லோடு அப்படியே நிற்கட்டும்.

வெப்பம் அன்று உள்ளே இருந்ததைக் கொல்லும். நாளை வருவதைத் தடுக்காது. எச்.டி. மரத்தில் மருந்து எதுவும் தங்குவதில்லை. பொடி வண்டு காய்ந்த மரத்துக்கு மறுபடி வரும். யார்டில் பழைய மரக் குவியல் பக்கத்தில் அடுக்கினால் ஒரே பருவத்தில் வந்துவிடும். முத்திரை இருந்தாலும் உயிருள்ள பூச்சி கண்டால் இறக்குமதி நாடு நிறுத்தலாம். பொடி புதிதாகக் கொட்டுகிறதா என்று துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் பாருங்கள். கொட்டினால் மறுபடி சேம்பர். ரப்பர் மரத்துக்கு போரிக் அமிலம், போராக்ஸ் கரைசல் ஏற்றுவது நீடித்த காவல். ஆனால் அது முத்திரைக்கான சிகிச்சைக்கு ஈடாகாது.

பூஞ்சணம்

எச்.டி. என்பது காயவைத்தல் அல்ல. 56 டிகிரியில் அரை மணி நேரம் ஈரத்தை நீக்காது. மாறாக, உள்ளே இருக்கும் நீரையும் சர்க்கரையையும் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து பூஞ்சணத்துக்கு உணவு போடும். சேம்பரிலிருந்து எடுத்த பச்சைப் பேலட்டைச் சூட்டோடு சுருக்க அடுக்கி, ஃபிலிம் சுற்றி, கன்டெய்னரில் அடைத்தால் ஒரு வாரத்தில் பச்சையும் கறுப்புமாகப் படரும். ஐ.எஸ்.பி.எம். 15 பூஞ்சணத்தைப் பற்றியதல்ல. ஆனால் உணவு, துணி வாங்குபவர் சரக்கைத் திருப்பிவிடுவார். 20 சதவீதத்துக்குக் கீழே ஈரம் வரும்வரை கூரையின் கீழ், தரையிலிருந்து உயர்த்தி, காற்று புகும்படி அடுக்குங்கள். ஈரமானியை மேற்பரப்பில் வைக்காமல், புதிதாக அறுத்த குறுக்குவெட்டில் ஊசியைக் குத்திப் படியுங்கள்.

பேலட் சரி, கன்டெய்னர் நிற்கிறது

டன்னேஜ். சரக்கு ஆடாமல் இருக்கக் கடைசி நிமிடத்தில் யாரோ சொருகிய முத்திரையில்லாத கட்டை. ஸ்டஃபிங் நடக்கும் இடத்தில் முத்திரையிட்ட கட்டைகளைத் தனி ரேக்கில் வையுங்கள். சிறிதாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் முத்திரை தெரிய வேண்டும். கதவு மூடும் முன் கன்டெய்னரின் உள்ளே, மூலைகள் உட்பட, போட்டோ எடுத்து வையுங்கள்.

அமெரிக்கத் துறைமுகத்தில் மாட்டிய பேலட்டை அங்கேயே சேம்பரில் வைத்துச் சரிசெய்ய வழி தரமாட்டார்கள். மரத்தைச் சரக்கிலிருந்து பிரிக்க முடிந்தால் மரத்தை, முடியாவிட்டால் சரக்கோடு, நாட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் முதல் நாளிலேயே பிரிக்கும் அனுமதியைக் கேளுங்கள். அதோடு யூனிட்டிலிருந்து ப்ரோப் கிராஃப், லாட் எண், மரம் வாங்கிய பில் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதே லோடில் சூடான மற்றப் பேலட்கள் எந்தெந்தக் கன்டெய்னரில் போயிருக்கின்றன என்று பட்டியல் போடுங்கள். கடலில் இருக்கும் அந்தக் கன்டெய்னர்களைப் பற்றி வாங்குபவருக்கு அன்றே தெரிவித்துவிடுங்கள்.